தள்ளுகோல்

பஞ்சிகாவத்தையிலிருந்து முச்சக்கர வண்டியில் வந்தது மேசை வாள்,
பாதிப் பெட்டி என் மடியில்.
"தையல் மிஷினா அக்கா?"
இல்லை என்றேன். சாரதி கொஞ்ச நேரம்
கண்ணாடியில் என்னையே பார்த்தார்.

கையேட்டில் ஒன்பது மொழிகள்,
தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை.
படம் பார்த்துக் கால்களைப் பூட்டினேன்.
முதலில் விரலால் மட்டும், நான்கும் தரையில் ஒத்த பிறகு ஸ்பேனரால்.
நீர்மட்டத்தின் குமிழி நடுவுக்கு வந்த நேரம்
பாணந்துறை ரயில் போனது.
தெஹிவளையோடு சேர்ந்து குமிழியும் நடுங்கியது.
காத்திருந்தேன். திரும்பி வந்தது.

ஒரு போல்ட் மிச்சம்.
அதன் இடம் தெரியும்வரை பிளக்கைச் செருகவில்லை.
மறுநாள் காலை கண்டேன்:
வாள் மூடியின் அடியில், எல்லாவற்றையும்விட முக்கியமான இடத்தில்.

பகலில் நான் களுபோவில ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
கையைத் துவாயில் சுற்றிக்கொண்டு வருவார்கள்.
சிலர் கூடவே ஒரு சொப்பிங் பையும், ஐஸோடு.
"விரல்களை விரித்து வையுங்கோ" என்பேன்,
இருக்கிறவற்றை.
மொறட்டுவைத் தளபாடக்காரர் ஒருவர் சொன்னார்:
"வலிக்கவே இல்லை மிஸ். சத்தம் மட்டும் கொஞ்சம் மாறிச்சு."

அதனால்தான்
மோதிரம், வளையல், கடைசியில் தாலிக்கொடி,
எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள்.
சால்வை கதவில். கூந்தலுக்கு மேல் நிரோஷனின் தொப்பி.
பிளக்கைப் பிடுங்கி, கண்ணுக்கு முன்னால் போட்டுவிட்டுத்தான்
பல்லைத் தொட்டேன்.
பலகைக்கு மேல் ஒரு பல் உயரம் போதும், அதற்கு மேல் வேண்டாம்.
வாளுக்கு நேர் பின்னால் நிற்கவும் கூடாது:
மரத்துக்குக் கோபம் வந்தால் அந்த வழியாகத்தான் திரும்பி வரும்.

பக்கத்து வீட்டு குலரத்ன மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.
"போயா நாளில் மட்டும் வேண்டாம் மகள்."
கொஞ்சம் யோசித்து, "அளவாக இருந்தால்
எங்களுக்கும் ஒரு செருப்பு ராக்."

ராக்குக்குத்தான் வாங்கினேன். முதலில் வெட்டியதோ
ராக் அல்ல, ஒரு தள்ளுகோல்.
முழங்கை நீளத் துண்டு, முனையில் ஒரு படி,
என் கைக்குப் பதிலாக உள்ளே போக.
சுவிட்சைத் தட்டினேன்.
காதுச் செருகலுக்குள்ளும் அந்த ஓசை கேட்டது.
அது மாறுகிறதா என்றுதான்
முழு நேரமும் கவனித்துக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசி.
இரண்டு ராக் முடிந்தன, குலரத்னவுடையது கொஞ்சம் சாய்வு.
தள்ளுகோலின் நுனியை வெளிச்சத்தில் பிடித்து
கடிகளை எண்ணினேன்:
பதினொன்று.
எனக்குப் பத்து விரல்.

நாளைக்குப் புதிதாக ஒன்று வெட்டவேண்டும்.