மஞ்சள் பலகை

அஸ்தம்பட்டி கோர்ட்டில்
நான் கொடுத்த மஞ்சள் கடுதாசியில்
முப்பத்தொரு பெயர்கள்.
கிழங்கு கொடுத்தவர், விறகு கொடுத்தவர்,
சீட்டுப் பணம் போட்ட டிராயிங் வாத்தியார்,
பதினேழாவதாகச் சாக்குக்கடை மாதையன்.
ஜவ்வரிசி விலை விழுந்த வருஷம் அது.
விலை விழுந்தது என்பது பாதி உண்மை.
மீதிப் பாதியை
வக்கீலிடம்கூட நான் சொல்லவில்லை.

ஏழு வருஷத்தில் கோர்ட் என்னை விட்டுவிட்டது.
கம்ப்யூட்டர் விடவில்லை.

ஐந்து ரோடு வங்கியில்
பான் நம்பரைத் தட்டிய பெண்
திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மறுபடி திரையைப் பார்த்தாள்.
கட்டி இருக்கிறது என்று சொல்லவரும் டாக்டர் போலக்
குரலைத் தணித்துக்கொண்டு
'ஸ்கோர் கம்மியா இருக்குங்க சார்.'
ஐந்நூற்றுப் பதினொன்று.
பத்தாவதில் இருநூற்றுப் பன்னிரண்டு எடுத்தவனுக்கு
அது நல்ல மார்க்காகவே பட்டது.

கேட்டது பெரிய கார் இல்லை.
ஓமலூர்க்காரர் ஒருவர் ஓட்டிய டீசல் டிசையர்,
இடப்பக்கக் கதவில் ஒரு நெளிசல்.
மூன்று லட்சத்து அறுபது.
கையில் இருந்தது தொண்ணூறாயிரம்,
போன வாரம்வரை அது
பூங்கோதையின் வளையலாக இருந்தது.

நாலு ரோடு ஃபைனான்ஸில் காபி கொடுத்தார்கள்.
காபி வந்தாலே வட்டி கூடுதல்.
'உங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒரு ஸ்கீம் இருக்குங்க.'
பத்தொன்பது ஃபிளாட்.
மாதம் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்,
நாற்பத்தெட்டு மாதம்.
முழுகியவனுக்குக் கணக்கு நன்றாக வரும்.
ஃபிளாட்டைப் பிரித்துப் பார்த்தால்
உள்ளே முப்பதைத் தாண்டும்.
பேனாவை மூடி அவர் பக்கமே நகர்த்தினேன்.
காபியை மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்ப்பேட்டையில் இன்னொருவர்.
காபி இல்லை.
பதினொன்று ஃபிளாட், எட்டாயிரத்து நூறு.
மாதம் ஆயிரத்து எண்ணூறு மிச்சம்,
மகளின் காலேஜ் பஸ்ஸுக்கு ஆகும்.
'ஜாமீன் ஒண்ணு வேணும்.
சொந்தக்காரங்க வேண்டாங்க,
அவங்களும் உங்ககூடவே முழுகியிருப்பாங்க.'

அன்று ராத்திரி
பழைய கடுதாசியின் நகலை எடுத்து
கல்யாணப் பத்திரிகை எழுதுகிறவன் போல
ஒவ்வொரு பெயராகப் படித்தேன்.
இந்த ஊரில் என்னை முழுசாகத் தெரிந்தவர்கள்
இவர்கள்தான்.

மாதையன் கோணூசியைப் பல்லில் கடித்திருந்தார்.
எடுத்துவிட்டுக் கேட்டார்:
'ரூபாய்க்கு இருபது பைசா கொடுத்தவனுக்கு
நான் ஜாமீனா?'
வெளியே ஒரு லாரி
பின்னால் வந்து வந்து நின்றது.
'ஏற்காட்டுக்கு ஒரு டிரிப் என்ன வாங்குவ?'
சொன்னேன்.
'டீசல்?'
சொன்னேன்.
பில்லின் முதுகில் கூட்டிக் கழித்தார்.
'நீ நின்னா எனக்கு அந்த இருபது பைசாதான்.
ஓடுனா மாசம் ரெண்டாயிரம் குடு.
கோர்ட்டுக்கு இல்ல, எனக்கு.'

மிச்சம் பிடித்த ஆயிரத்து எண்ணூறும்
அதற்குமேல் ஒரு இருநூறும்
சாக்குக்கடைக்கே போயிற்று.
கையெழுத்துப் போட்டார்.
கடன்காரர் பட்டியலில் பார்த்த அதே பெயர்,
இப்போது என் பெயருக்குப் பக்கத்தில்.

'மஞ்ச போர்டா அடிக்கணும்?'
'டூரிஸ்ட் வண்டின்னா மஞ்சதாங்க,'
என்றான் நம்பர் பிளேட் கடைப் பையன்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.

முதல் டிரிப். ஓசூர்க் குடும்பம்.
பதிமூன்றாம் கொண்டை ஊசியில்
பின்சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தது,
புது சீட் கவர்மேல்.
ஓரம் கட்டினேன். போன் அடித்தது.
ஓடிட்டானா, ஓடிட்டானா என்று
என்னைப் பற்றி ஊரே கேட்ட காலம் ஒன்று உண்டு.
மாதையன் கேட்டார்:
'ஓடுதா?'

'ஓடுதுங்க' என்றேன்,
நின்ற வண்டியைத்
துடைத்துக்கொண்டே.