நாலரைப் புள்ளி

ஏலத்தாளில் நாலரைப் புள்ளி, பின்கதவில் ஒரு கீறல்.
ஆர் ஓடினது என்று அதில் இல்லை.
வரிக்கே ஒரு பரப்புக் காணி போச்சு.
அம்பாந்தோட்டையில் இறங்கி
கொக்குவிலுக்கு வந்தது,
சீற்றுக்குக் கீழே
யாரோ பிள்ளையின் மஞ்சள் கிளிப்போடு.

ஸ்ராட் பண்ணினால் ஒரு பெண்குரல்
யப்பான் பாஷையில் மரியாதையாய் ஏதோ சொல்லும்.
"ஓம் பிள்ளை" என்பாள் சுகிர்தமலர்.

திரையில் கே.கே.எஸ். றோட்டு இல்லை,
தட்டாதெருச் சந்தி இல்லை.
ஒரே நீலம்.
நடுவில் எங்கள் சின்னச் சிவப்பு அம்பு.
பொழுதுபட்ட நேரம்.
"கடலுக்கை ஓடுறமப்பா" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை.
"கிளாலியிலையும் உப்பிடித்தான்.
லைற்றை நிப்பாட்டுங்கோ."

நிப்பாட்டினேன்.

பின்னால் வந்த ஓட்டோக்காரன்
கோண் அடித்து, ஏசிக்கொண்டே
முந்திப் போனான்.