காலி வண்டி எடை

காவேரிப்பட்டணம் எடை மேடையில்
பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.
மாங்காய் லாரி ஏறும், ஓர் எண் வரும்.
இறக்கிவிட்டுக் காலியாக ஏறும், இன்னோர் எண்.
கழித்தால் மாங்காய்.
கதவில் பெயின்ட்டால் எழுதிய காலி எடையை
ஒருநாளும் நான் நம்பியதில்லை.
"ஏத்துய்யா மறுபடி" என்பேன்.
ஸ்டெப்னியைக் கழற்றி ஒளித்துவிட்டு வருகிறவனையெல்லாம் பார்த்தவன்.

லட்டு என்று பேர் வைத்தவர்
மாங்கூழ் ஃபேக்டரி மேனேஜர்.
புனேவுக்கு மாற்றல், மூன்றாவது மாடி பிளாட் என்றார்.
ஒரு சீப்பு, ஒரு கயிறு, அரை மூட்டை தீனி.
கேட்காமலே என் ஸ்கூட்டரின் முன்னால்
ஏறி நின்றுகொண்டது நாய்.

தீனி பதினாறு நாளில் தீர்ந்தது.
கடையில் விலை கேட்டுவிட்டு
ராகி வாங்கிக்கொண்டு வந்தேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் தில்ஷாத்
கன்றுக்குட்டித் தராசில் நிறுத்தினார். முப்பத்து நாலு.
"முப்பது போதும். இந்த ஜாதிக்கு இடுப்பெலும்பு சீக்கிரம் போகும்."
கோமாரித் தடுப்பூசிச் சீட்டின் பின்பக்கம் எழுதினார்:
உப்பில்லாக் களி, வேகவைத்த கோழி,
எலும்பு வேண்டாம், பூசணி போடலாம்,
வெங்காயம் ஆகாது, திராட்சை ஆகவே ஆகாது.
"மாங்கொட்டை?" என்றேன்.
பேனா நின்றது.
"எந்த ஊர்னு சொன்னீங்க?"
குடலில் சிக்கும் என்று எழுதி
இரண்டு கோடு அடியில் போட்டார்.

ஐந்தரைக்கு நடை.
தார் சுடுவதற்குள் திரும்ப வேண்டும்.
புறங்கையை ரோட்டில் வைத்துப் பார்ப்பேன்.
தென்பெண்ணையில் தண்ணீர் கண்டால் இறங்கிவிடும், ஏறாது.
ஏறிய பிறகு காது மடலைத் தூக்கித் துணியால் ஒற்ற வேண்டும்,
விட்டால் பழைய மாவு வாசனை.
விரலிடுக்கில் உண்ணி.
சாயங்காலம் சீப்பு.
மேல்முடி சும்மா வரும்,
அடிமுடி முரண்டு பிடிக்கும்,
தொடைக்குப் பின்னால் ஒரே சிக்கு.
முனிரத்னா கதவோரம் நின்று பார்ப்பாள்.
"எனக்கு ஒருநாள் பேன் பார்த்திருப்பியா நீ?"
களி கிண்டும் துடுப்பிலும் பொன்முடி.

மாசம் ஒருமுறை கூடைத் தராசில்
லட்டுவைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன்.
தனியாக நிற்காது, முள் ஆடினால் நக்கப் போகும்.
நூறு. என் அறுபத்திரண்டைக் கழி.
முப்பத்தெட்டு!

களியைப் பாதியாக்கினேன்.
'நாய்க்குப் பன் போடாதீர்' என்று
டீக்கடைப் பக்கம் போர்டு மாட்டினேன்.
டிரைவர்களோடு சண்டை.
முனிரத்னா மேல்கூடச் சந்தேகம்,
சட்டியில் கோழித் துண்டை எண்ணினேன்.
அடுத்த மாசம் தொண்ணூற்றெட்டு.
அதற்கடுத்து தொண்ணூற்றாறு.
இத்தனைக்கும் பிறகு புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறோம்,
அதே முப்பத்து நாலில்.

ராத்திரியில் லட்டு காலித் தட்டை
மூக்கால் தள்ளிக்கொண்டு வீடெல்லாம் போகும்.
அலுமினியச் சத்தம்.
நான் டிவியைச் சத்தமாக வைப்பேன்.

ஊசிக்குப் போனபோது டாக்டர் விலாவில் கை வைத்தார்.
எடுக்கவில்லை.
கன்றுக்குட்டித் தராசு: இருபத்தெட்டு.
"சோறு போடறீங்களா இல்லையா?"
கணக்கைச் சொன்னேன்.
"அந்த அறுபத்திரண்டு எப்ப போட்டது?"
மொரப்பூர் ஸ்டேஷன். காசு போட்டால்
ராசிபலனோடு அட்டை தரும் மெஷின்.
கல்யாணத்துக்கு முந்தின வருஷம்.

"ஏறுங்க."
செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்,
ஸ்டெப்னியைப் போல.
அப்படியும் அறுபத்தெட்டு.

திரும்புகிற வழியில் நான் பேசவில்லை.
அது எப்போதும்போல
எதிர்க்காற்றில் வாயைத் திறந்து வைத்திருந்தது.

அன்றிரவு முனிரத்னா இரண்டு தட்டு வைத்தாள்.
எது யாருடையது என்று கேட்கவில்லை,
உருண்டையின் அளவே சொன்னது.
தன்னுடையதை முடித்துவிட்டு லட்டு வந்து
என் முழங்காலில் தாடையை வைத்தது.
"உப்பு போட்டிருக்குடா" என்றேன்.
நகரவில்லை.