எத்தனை பேர்

சுல்தான் மைதீனுக்கு உலகம்
மூக்கு நுனியில் தொடங்கி
வலப்பக்க ஜன்னலோடு முடிந்துவிடுகிறது.

குப்பூஸில் பாதியைத் தின்றுவிட்டு
மீதி எங்கே என்று சண்டை.
தட்டைத் திருப்பி வைத்தேன்.
"இப்பத்தான் கொண்டாறீகளா"
என்றார், ஜன்னலைப் பார்த்து.
மீசையில் பாதியைத்தான் கத்தரித்திருந்தார்.

கண்ணில் கோளாறில்லை.
ஃபர்வானியாவில் ஏசி மாட்டப் போய்
மொட்டை மாடியில் சாய்ந்தவர்.
வலது மூளையில் கோழிமுட்டை அளவு ரத்தம்.
இடது என்ற திசையையே
அது அள்ளிக்கொண்டு போய்விட்டது.

டாக்டர் ஹிஷாம் கணினியில்
முகங்கள் வைத்திருக்கிறார்.
இரண்டிரண்டாக வரும், ஒரு சிமிட்டல் நேரம்.
அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து
நான் தமிழில் கேட்க வேண்டும்.
எத்தனை பேர்?
"ஒருத்தர்."
இப்ப?
"ஒருத்தர்தாம்மா, எத்தனை தடவ கேப்பீக."

இடப்பக்க முகம் சும்மா இருந்தால்
அது பிறக்கவே இல்லை.
அதே முகம் பல்லைக் கடித்தால்,
மிரண்டு விழித்தால்,
பத்தில் ஆறு ஏழு தடவை
"ரெண்டு பேர்" என்பார்,
எப்போதும் இரண்டு பேர் இருந்ததைப் போல.

கோபத்துக்கு மூளைக்குள் வேறு வாசல் உண்டாம்.
குறித்துக்கொண்டேன்.

சும்மா இருக்கும் முகம் எனக்குத் தெரியும்.
பத்தாக்காவில் இருக்கிறது என்னுடையது.
சிரிக்காதே, நேரே பார், காது தெரியட்டும்.
ஒன்பது வருஷமாக அதையே
கழற்றாமல் போட்டிருக்கிறேன்,
முதீர் முன்னாலும்
வீடியோ காலில் மகன் முன்னாலும்.

பன்னிரண்டாம் நாள் மூன்றாவது தடவையாகக்
கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார்,
சைட்டில் ஆள் காத்திருக்கிறது என்று,
அசையாத காலைக் கணக்கில் சேர்க்காமல்.
சரிந்தவரை என் தோளில் வாங்கினேன்.
டூட்டி முடியப் பத்து நிமிஷம்.
கத்தினேன்.
என்ன சொன்னேனோ, நல்ல வார்த்தை இல்லை.

கழுத்து திரும்பியது.
ஜன்னலை விட்டது, தலையணையைத் தாண்டியது,
வழியில் ஒருமுறை நின்றது,
என்மேல் வந்து சேர்ந்தது.

"நீங்க எப்பம்மா வந்தீக?"

தினமும் காலை ஏழு மணிக்கு
இதே இடத்தில்தான் நிற்கிறேன்.
சொல்லவில்லை.
இப்பத்தான் என்றேன்.

"ஏன் இவ்வளவு கோவமா இருக்கீக?"

முகத்தை இறக்கவில்லை.
இறக்கினால் போய்விடுவேன்.
அப்படியே, பல்லைக் கடித்தபடி,
டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன்.