அரைச்சுற்று

உலான்பாத்தரில் நவம்பர் பிறந்தால்
எனக்கு வேலை கூடும.
மேட்டுக் குடியிருப்புகளில் அடுப்பு மூட்டுகிறார்கள்.
நிலக்கரிப் புகை இறங்கி வந்து
இரட்டைச் சன்னலை மதிக்காமல்
மடிக்கணினிகளின் மூக்கில் ஏறுகிறது.
திறந்தால்
விசிறி இறகெல்லாம் கறுப்புக் கம்பளி.
ஊதினால் என் முகத்துக்கும் ஒரு பங்கு.

சந்தையின் மூன்றாம் மாடி, கழிப்பறைக்கு அடுத்த கடை.
பெயர் நெர்குய். பெயரில்லாதவள் என்று பொருள்.
எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை,
சாவை ஏய்க்க இப்படி வைத்தார்கள்.
புதுக் கணினி கண் விழித்ததும்
"இந்தச் சாதனத்துக்குப் பெயரிடுக" என்கிறதே,
அங்கே என் பெயரையே போட்டுக் கொடுக்கிறேன்.
இதுவரை பலித்திருக்கிறது,
ஏறக்குறைய.

என்னிடம் அபிப்பிராயம் கேட்காதீர்கள்,
கேட்டால் சொல்லிவிடுவேன்.
மெலிவுதான் அழகென்று சொன்னவன் எவனோ
அவன் வந்து தன் நகத்தால்
ஒரு மின்கலத்தைப் பசையிலிருந்து பெயர்த்துப் பார்க்கட்டும்.
இளைத்தவனுக்கு எள், கொழுத்தவனுக்குக் கொள்.
இளைத்த கணினிக்கு எதை ஊட்டுவது?
வாயே வைக்கவில்லை.

அனுதாரி என்றொரு மாணவி
தாம்பாளம் போல ஒன்றை ஏந்தி வந்தாள்.
"இது எனக்காக யோசிக்கும் அக்கா."
மைனஸ் முப்பதில் பேருந்து நிறுத்தத்தில்
உயிரோடிருக்குமா என்றேன்.
அது செத்ததால்தான் வந்திருந்தாள்.

இதெல்லாம் தாஷ்செவெக் வருவதற்கு முன்.
டாக்சி ஓட்டுபவர். பன்னிரண்டு வயதுக் கணினி,
விசைப்பலகையில் இரண்டு பல் இல்லை,
மூடி முழுக்கக் குதிரைப் பந்தய ஒட்டிகள்.
துடைத்து, களிம்பு தடவி, எண்ணெய் விட்டுக் கொடுத்தேன்.
பெருமையாகவே கொடுத்தேன்.
மூன்றாம் நாள் திரும்ப வந்தார்.
"சரியாக இல்லை."
போட்டுக் காட்டினேன்: சூடில்லை, திணறலில்லை,
சத்தமே இல்லை பாருங்கள்.
"அதுதான்."

மனைவி இன்ச்சோனில், மீன் பதனிடும் ஆலையில், நாலு வருடமாக.
இரவு அழைப்பைத் திறந்து வைத்துவிட்டு
இருவரும் தூங்கிவிடுவார்களாம்.
தினமும் பேச என்ன இருக்கிறது?
இந்த விசிறியின் இரைச்சல்தான்
கடல் தாண்டி அவள் தலையணைக்குப் போயிருக்கிறது.
நான் துடைத்த அன்றிரவு
இரண்டு மணிக்கு "இருக்கிறீர்களா?" என்றாளாம்.
மறுபடி மூன்றுக்கு.
மறுபடி நாலே காலுக்கு.
"காலையில் ஒரு சிவப்பு விளக்கைக்
கவனிக்காமல் போய்விட்டேன்" என்றார்.

வாதாடினேன்.
சத்தம் என்பது நோய், ஐயா.
தூசி, தேய்மானம், ஒரு நாள் மொத்தமாக நின்றுவிடும்.
தொப்பியைக் கையில் சுருட்டியபடி கேட்டார்.
"நீ சொல்வது சரி" என்றார்.
நகரவில்லை.

கரியைத் திருப்பிப் போட மாட்டேன்,
எனக்கும் ஒரு கொள்கை இருக்கிறது.
மூன்று திருகாணிகளில் ஒன்றை மட்டும்
அரைச்சுற்று தளர்த்தினேன்.
விசிறி தள்ளாடியது, சமாளித்தது,
சளி பிடித்தவன் உறக்கம் போல
மெல்ல இரையத் தொடங்கியது.
காதை வைத்துக் கேட்டார்.
"இன்னும் கொஞ்சம்."
இன்னும் கொஞ்சம்.
கண்ணை மூடிக்கொண்டார். போதும் போல.

கூலி வாங்கினேன், ஐயாயிரம் துக்ரிக்.
அளவாகக் கெடுப்பதற்கும் கை வேண்டும்.
கணக்கேட்டில் "செய்த வேலை" என்ற கட்டத்தில்
வெகுநேரம் யோசித்து
"சத்தம்" என்று எழுதினேன்.

அடுத்து நின்ற பெண்
பையிலிருந்து தன்னுடையதை எடுத்து வைத்தாள்.
"ஓயாமல் இரைகிறது" என்றாள்,
"இதை எப்படியாவது நிறுத்துங்கள்."
வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று
முதலில் கேட்டேன்.