ஸ்டீயரிங் இல்லாத பஸ்

மாம்பழக்கூழ் டின்னை வெட்டி விரித்தால்
உள்பக்கம் தங்க நிறம்.
அதைக் கூரைக்கு எடுத்துக்கொண்டேன்,
பொன்முகம் கீழே பார்க்க.
பாதி அழிந்த தோத்தாபுரிப் படம்
பின்கதவுக்குப் போயிற்று.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் மாடிப்படிக்குக் கீழே
ஆறடிக்கு நாலடி செல்போன் கடை என்னுடையது.
செத்த போன்களுக்கு நடுவே ஒரு தண்டவாளம்,
அகலம் ஒன்பது மில்லிமீட்டர்.
இரண்டரை அடியை எண்பத்தேழால் வகுத்தால்
கிட்டத்தட்ட அதுதான் வரும்.
கால் மில்லிமீட்டர் கூடுதல்,
யாரும் கேட்கப்போவதில்லை.

அந்த இரண்டரை அடி அகலத்தில்
திருப்பத்தூரிலிருந்து இந்த ஊருக்கு ரயில் வந்தது.
பஞ்சத்துக்குப் பயந்து போட்ட பாதை என்கிறார்கள்.
பிறகு பஸ் வந்தது.
கை காட்டினால் நின்றது,
கோழிக்கூடையைத் தலைமேல் ஏற்றிக்கொண்டது.
ரயில் ஆளில்லாமல் ஓடி ஓடி
முப்பதுகளில் நின்றே போயிற்று.
இப்போது தேர்தலுக்குத் தேர்தல்
சர்வே மட்டும் வருகிறது.

அதே காலத்தில் வேறெங்கெங்கோ
தோற்றுக்கொண்டிருந்த சின்னப் பாதைகள்
ஜெயித்தவன் சட்டையையே வாங்கிப் போட்டுக்கொண்டன:
ஒரு பஸ், டயருக்குப் பதில் இரும்புச் சக்கரம்,
கொஞ்சம் பெட்ரோல்.
கரி வேண்டாம், கரி அள்ள ஆள் வேண்டாம்.
ரயில்பஸ் என்று பெயர்.

இந்தப் பாதையில் அது ஓடியதாக
நான் எங்கும் படித்ததில்லை.
பிறகு நான் செய்வது எதன் மாதிரி?
ராத்திரி கடை அடைத்தபின்
சாலிடரிங் புகைக்குள் அந்தக் கேள்வி வரும்.
ஜன்னல் கம்பி ஒட்ட வேண்டியிருப்பதால் போய்விடும்.

திம்மராயன் திருப்பத்தூர் ரூட்டில் டிரைவர்.
சார்ஜ் ஏறாத போனோடு வந்தவர்
என் லென்ஸை வாங்கி முன்சீட்டைப் பார்த்தார்.
"ருக்கையாம்மா, ஸ்டீயரிங்கை மறந்துட்டே."
"அதுக்கு ஸ்டீயரிங் கிடையாதுண்ணா."
"அப்ப டிரைவர் என்னாத்துக்கு?"
"கிளம்பறதுக்கு. நிக்கறதுக்கு."
இருபத்திரண்டு வருஷம் வளைத்த தோளைத்
தடவிக்கொண்டே யோசித்தார்.
"குறுக்க மாடு வந்தா?"
"ஹாரன்."
"மாடு கேக்கலைன்னா?"

அதற்கு அந்த ரயில்பஸ்காரர்களும்
பதில் வைத்திருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இதற்கு ஒரு பக்கம்தான் முகம்.
கடைசி ஸ்டேஷனில் திருப்பியாக வேண்டும்.
பழைய சிடி டிரைவைப் பிரித்து
வட்டமேடை செய்திருந்தேன்.
"தள்ளுங்க" என்றேன்.
ஒற்றை விரலால் தள்ளினார்.
நேராய் நின்றபிறகும் இன்னொரு முழுச் சுற்று,
வேண்டுமென்றே.
பஸ் ஸ்டாண்டில் ரிவர்ஸ் எடுத்து எடுத்துக்
கழுத்து போனவர் அவர்.

சுவிட்சைப் போட்டேன்.
கிருஷ்ணகிரியை விட்டு ஒரு முழம் போயிருக்கும்,
கரண்ட் போயிற்று.
கடை, ரவுண்டானா, எதிர் பேக்கரி எல்லாம் இருட்டு.
வண்டி மட்டும் நிற்கவில்லை.
உள்ளே ஒரு கெபாசிட்டர் வைத்திருந்ததை
நானே மறந்துவிட்டிருந்தேன்.
சின்ன விளக்கு, அதன் மேலே டின்னின் பொன்,
காலி சீட்டுகள் மஞ்சளாய்,
ஒரு ஜாண், இன்னும் நாலு விரல்,
மதர்போர்டுக் குவியலைத் தாண்டி ஒரு வளைவு.
பிறகு அணைந்தது.

இரண்டு பேரும் பேசவில்லை.
லாரிகள் மட்டும் பெங்களூர் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

"பின்னால மாம்பழம் போட்டிருக்கியே" என்றது இருட்டு,
"லக்கேஜா?"
"ஆமாண்ணா."
"டிக்கெட் போட்டியா?"

போன் நாளைக்குத்தான் என்றேன்.