நான்கு பத்துக்கு வருகிறவர்

குவோப்பியோவில் ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
வெப்பக்குழாய் நிறுவனத்தின் பயனர் பட்டியலைச்
சலித்துக்கொண்டிருக்கிறாள் இர்மெலி.
விலகியவர், மாற்றலானவர், மணமாகிப் பெயர் மாறியவர்,
'டெஸ்ட்2' என்றொருவர்;
அவர் யாரென்று யாருக்கும் தெரியாது.

டௌனோ கார்னா.
அக்டோபரில் அடக்கம். இவளும் போயிருந்தாள்
இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டில்.
கடைசி உள்நுழைவு: இன்று அதிகாலை 4.10.
நேற்றும் 4.10. முந்தாநாளும்.

ஒரு கணம் விரல் சில்லிட்டது.
விதி விதிதான் என்று முடக்கினாள்.

மறுநாள் 4.10க்கு வந்து தட்டினார்.
கடவுச்சொல் சரி. கதவு திறக்கவில்லை.
மூன்று முறை தட்டிவிட்டு ஓய்ந்தார்.
ஏழு மணிக்குத் தொலைபேசி:
நீச்சல்குளத்தில் வெறும் பச்சைத்தண்ணி,
பள்ளிப் பிள்ளைகள் துண்டோடு நிற்கிறார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன் அவர் எழுதிய
நாற்பது வரி நிரல்
அவர் பெயரையே போர்த்திக்கொண்டு
தினமும் வால்வு திறந்துவந்திருக்கிறது.

ஆளில்லாப் பெயரில் புதுக் கணக்கு தொடங்கினாள்.
வால்வுக்கு மட்டும் அனுமதி.
கடவுச்சொல் முப்பத்திரண்டு எழுத்து,
அவளுக்கே மனப்பாடமில்லை.

பழையதை அழிக்கப் போனால்
திரை கேட்கிறது: நிச்சயமாகவா?

காபி எடுத்துவர எழுந்து போனாள்.